ஆபரேட்டரின் பின்னால் நடந்தவன்

ஆபரேட்டருக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. கடைக்காரர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வைத்தால், இரண்டு தரம் தூக்கிப் பார்த்து, "அரைக் கிலோதானே?" என்று கேட்காமல் நகரமாட்டார். அரைக் கிலோதான். பதினேழு வருஷமாக அதே கடை, அதே அரைக் கிலோ. இருந்தாலும் கேட்பார். காலையில் கதவைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுப்பார். இழுத்துவிட்டுக் கதவிடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகுவார். சாயங்காலம் வந்ததும் முதல் வேலை, குச்சி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. ஒரு நாள் காற்றில் குச்சி விழுந்துவிட்டது. மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கட்டில், ஸ்டவ், ரேடியோ, வாளி, நாலு சட்டை என்று அறையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எதுவும் போகவில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. ஒன்றையும் எடுக்காமல் போகிறவன் எதற்காக வந்தான்?

கண் தெரியாதவர், பாவம், அப்படித்தான் இருப்பார் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதெல்லாம் இல்லை. இது கண்ணால் வந்த குணம் அல்ல, காதால் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மாடிப்படிக்கு அடியில் கூண்டு மாதிரி ஒரு அறை, அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, காதில் மாட்டுகிற ஹெட்போன். நூற்றுத் தொண்ணூறு எக்ஸ்டென்ஷன் நம்பரும் மனப்பாடம். இருமினால் போதும், பேர் சொல்லிவிடுவார். "ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க" என்று கேன்டீனிலிருந்து பேசும் டாக்டரையும் தெரியும், "ஒரே காய்ச்சல், எழுந்திருக்கவே முடியலை" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து லீவு கேட்கும் கிளார்க்கையும் தெரியும். இருபத்தாறு வருஷம் இப்படிக் கேட்டுக் கேட்டு, குரலை வைத்தே ஆளை எடைபோடும் வித்தை கைவந்துவிட்டது. "முகத்தைக் காட்டி ஊரை ஏமாத்தலாம்யா. குரலைக் குடுத்து என்னை ஏமாத்த முடியாது" என்று மார்தட்டுவார். குரலே கொடுக்காத ஆள் எதிரில் வந்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்ததே இல்லை.

அவருக்குக் கண் போனது பதினோரு வயதில், ஒரு காய்ச்சலில். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர, கல்யாணமாகியிருந்த அக்கா தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அக்காவுக்குத் தம்பி மேல் கொள்ளைப் பாசம். குறை சொல்லக்கூடாது. ஆனால் அது மூச்சு முட்டுகிற பாசம். தண்ணீர் டம்ளரை உதட்டில் வைத்துவிடுவாள். முப்பத்தைந்து வயது ஆம்பளையின் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவில் நடத்திக்கொண்டு போவாள். வீட்டுக்கு வந்தவர்கள் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அக்காவிடம், "தம்பி சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். ஒரு நாள் யாரிடமோ அக்கா, "இவனை ஒரு நாள் தனியா விட்டா அவ்வளவுதான்" என்று சொன்னதைக் கேட்டார். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியிலிருந்து ஆயிரத்து நூறு அடியில் ஒரு மாடி அறையைப் பிடித்துவிட்டார். அக்கா அழுது தீர்த்தாள். இவர் அசையவில்லை.

பதினேழு வருஷமாக அந்த அறைதான் அவருக்கு எல்லாம். பதினைந்து படி ஏறினால் தன் பூட்டு, தன் கட்டில், தான் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிற தன் சாமான். அதற்கு அவர் கொடுத்த விலையைச் சொல்லமாட்டார், நான்தான் சொல்லவேண்டும். காலையிலிருந்து மாலைவரை நானூறு பேர் அவர் காதுக்குள் பேசுவார்கள். ஒருத்தரும் அவரோடு பேசுவதில்லை, அவர் வழியாகப் பேசுவார்கள். ஐந்து மணிக்கு ஹெட்போனைக் கழற்றினால், எட்டு மணிக்கு அக்கா போன் பண்ணும்வரை மனிதக் குரல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரயில்வே விசாரணை நம்பரைக் கூப்பிட்டு, தான் போகப்போகாத ரயிலுக்கு நேரம் கேட்பார். கேட்டால் இதற்கு நிம்மதி என்று பேர் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்குப் பின்னால்தான் ஒரு திங்கட்கிழமை அந்தக் காலடி வந்தது.

ஆஸ்பத்திரி ரோட்டுக்கு நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் நெடுக குடோன்கள், லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். ஆபரேட்டர் மறுபக்கம் சுவரை ஒட்டிக் கோலைத் தட்டிக்கொண்டே போவார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்பார், வண்டி போனதும் நடப்பார். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தார். ஏழெட்டு அடி பின்னால் ஒரு செருப்புச் சத்தம். ஒரு கால் ஒழுங்காக விழுகிறது, அடுத்த கால் இழுபடுகிறது. தட், சர்ர்க். தட், சர்ர்க். யாரோ போகிறார்கள் என்று விட்டுவிட்டார். லாரி வந்தது, ஒதுங்கினார். பின்னால் வந்த காலும் ஒதுங்கியது. இவர் நின்றார், அதுவும் நின்றது. இவர் நடந்தார், அதுவும் நடந்தது. வீட்டுப் படியில் கால் வைத்ததும் அந்தச் சத்தம் இவரைத் தாண்டி அடுத்த சந்துக்குள் போயிற்று.

மறுநாள் காலையில் அதே சந்து முனையிலிருந்து அதே சர்ர்க். சாயங்காலமும் அதே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். வேண்டுமென்றே மெதுவாக நடந்தார், பின்னால் வந்ததும் மெதுவாக நடந்தது. வேகமாக நடந்தார், அது மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு ஓடிவந்தது. தாண்டிப் போகச் சொல்லி ஓரமாக நின்றால், போகாமல் தானும் ஓரமாக நின்றது. ஒருமுறை திரும்பி, "யாருங்க அது?" என்று கேட்டார். பதிலில்லை. "உங்களைத்தான் கேக்கறேன்!" மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. நல்லவன் என்றால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டானா?

பயந்தவர் அதோடு கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். இவர் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது மூக்கை நீட்டிப் பார்த்தார். ப்ளீச்சிங் பவுடர் வாடை, கூடவே சூடான துணி வாடை. ஆஸ்பத்திரி வாடை! ஆக, ஆள் ஆஸ்பத்திரிக்காரன். ஆஸ்பத்திரிக்குள் இவரை வேவு பார்க்க யாருக்கு ஆசை இருக்கும்? அக்காவைத் தவிர யார்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அக்கா, குரலை மாற்றிக்கொண்டு, "மேனேஜருக்குக் குடுங்க" என்று போன் பண்ணுவாள். 'என் தம்பி எப்படி இருக்கான், தடுக்கி விழறானா' என்று விசாரிப்பதற்கு. அந்த லைனை இணைத்துக் கொடுப்பதே இவர்தான். குரல் மாற்றுகிறாளாம் குரல்! இதுவரை சிரித்துக்கொண்டு விட்டிருந்தார். இப்போது எல்லாம் கோவையாக வந்தது. மேனேஜர் மூலமாக ஒரு ஆளைப் பிடித்துப் பின்னால் ஏவிவிட்டிருக்கிறாள். இவர் எங்கேயாவது இடறினால் அன்றைக்கே தகவல் போகும், மறுநாள் அக்கா வந்து நிற்பாள், அறையைக் காலி பண்ண வைப்பாள்.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் விடுவாரா? புதன்கிழமை மருந்துக்கடையில் ஒரு கட்டுத்துணிச் சுருள் வாங்கி, சட்டைக் கைக்கு மேலேயே மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி கையை வீசி வீசி நடந்தார். எட்டு மணிக்கு அக்கா போன் வந்தது.

"சாப்டியாடா? ஸ்டவ்வை அணைச்சியா? கை கால் எல்லாம் நல்லா இருக்கா?"

"மாட்டிக்கிட்டே! கையைப் பத்தி இன்னைக்கு எதுக்குக் கேக்கறே?"

"என்னடா உளறல்? தினமும்தானே கேக்கறேன்."

தினமும் கேட்பதுதான். அந்த நேரத்தில் அது இவர் மண்டையில் ஏறவில்லை. "சும்மா நடிக்காதே அக்கா. என் பின்னாடி யாரை அனுப்பியிருக்கே? கால் இழுத்து நடக்கறானே, அவன் யாரு? எத்தனை நாளா இந்த வேலை?"

மறுமுனையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பொய் சொல்கிற குரல் இல்லை, பயந்த குரல்.

"உன் பின்னாடி ஒருத்தன் வர்றானா? ஐயோ, எத்தனை நாளாடா? ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பதினேழு வருஷமாக அக்கா தேடிக்கொண்டிருந்த காரணத்தைத் தானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டார். "போதும்டா நீ தனியா இருந்து கிழிச்சது. ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துக்கிட்டு வர்றேன். மூட்டையைக் கட்டி வை" என்றாள். இவர் கெஞ்சினார், சத்தம் போட்டார், மறுபடியும் கெஞ்சினார். கடைசியில் அக்கா ஒரு படி இறங்கிவந்தாள். "சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன் யாரு, எதுக்கு வர்றான்னு எனக்குச் சொல்லு. சொல்லிட்டா வேனைத் திருப்பி அனுப்பிடறேன். சொல்ல முடியலைன்னா மறு பேச்சுப் பேசாம ஏறு."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கைவசம் மூன்று நாள் இருந்தது. அக்கா வீட்டுப் பின்னறை ஞாபகம் வந்தது. தான் வைத்த இடத்தில் எதுவும் இல்லாத அறை அது. தண்ணீர் வேண்டுமென்றாலும் குரல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். அங்கே திரும்பிப் போவதற்கு லாரியில் விழலாம் என்றிருந்தது அவருக்கு.

வியாழக்கிழமை டீக்கடைக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ரோட்டில் பாதி தூரத்தில் கடை. "அண்ணே, என் பின்னாடி வர்றவனைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று காலையிலேயே சொல்லிவைத்தார். சாயங்காலம் கடையைத் தாண்டி நடந்தார், மறுநாள் காலையில் தகவல் கேட்டார்.

"பார்த்தேன் ஆபரேட்டர் சார். நாப்பது வயசிருக்கும். சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம போட்டிருக்கான். முதுகுப் பக்கமிருந்து நாலு தரம் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலையே! திமிரு புடிச்ச பய. உங்களையே பார்த்துக்கிட்டுப் போறான் சார். வேற எதையும் பாக்கறதில்லை. உங்க முதுகை மட்டும் பாக்கறான்."

இதைக் கேட்டபிறகு ஆபரேட்டருக்கு முதுகு கூச ஆரம்பித்துவிட்டது. அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் லைன்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பிரசவ வார்டு கேட்டவருக்குப் பிணவறை போயிற்று. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தார். பாதி வழியில் திடீரென்று நின்று, திரும்பி, கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இதோ பாருய்யா. நீ யாரு, உனக்கு என்ன வேணும்? வாயைத் திறந்து சொல்லிடு. என்னால ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லை. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ யாருன்னு தெரியலைன்னா என் வீடு போயிடும். புரியுதா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அது அவருக்கே அவமானமாக இருந்தது.

காலடி கிட்டே வந்தது. ஒரு கை இவர் சட்டைக் கையைத் தொட்டது. அதோடு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை. அடக்கி அடக்கிச் சிரிக்கிற மாதிரி, கனைக்கிற மாதிரி ஒரு சத்தம். சிரிக்கிறான்! மனுஷன் உயிரைக் கொடுத்துக் கேட்கிறான், இவன் சிரிக்கிறான்! ஆபரேட்டர் கையை உதறிவிட்டுக் கோலை ஓங்கி ஒரு வீச்சு வீசினார். எதன்மேலோ பட்டது. செருப்பு பின்வாங்கியது. அப்படியும் போகவில்லை. இவர் நடந்ததும் பழையபடி ஏழடி தள்ளி, தட், சர்ர்க்.

சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் போட்டார். முன்னால் நடந்தால்தானே பின்னால் வருவான்? அரை மணி முன்னாலேயே அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக வெளியேறி, டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவன் முன்வாசலில் காத்திருந்து, இவரைக் காணாமல், தனியாக வருவான். கடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து டீக்கடைக்காரர் ஒரு கை, இவர் ஒரு கை. கையும் களவுமாகப் பிடித்து, வாயிலிருந்து வார்த்தை வரும்வரை விடுவதில்லை. நாளைக்கு அக்கா வேனை விட்டு இறங்கும்போது ஆள் பேர் உட்பட விவரம் தயாராக இருக்கும்.

"வர்றான் சார்" என்று டீக்கடைக்காரர் கிசுகிசுத்தார். "ஆனா என்னமோ மாதிரி வர்றான். நடக்கறான், நிக்கறான், திரும்பித் திரும்பிப் பாக்கறான். பயந்துகிட்டு வர்றான்."

"குத்தமுள்ள நெஞ்சு, பயப்படாம என்ன செய்யும்?" என்றார் ஆபரேட்டர்.

அவருக்கும் கேட்டது. தட், சர்ர்க். நிற்கிறது. தட், சர்ர்க். சுவர்ப் பக்கம் மணல் கொட்டிவைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு காலடி ரோட்டுக்குள் இறங்குவது தெளிவாகக் கேட்டது. அதே நேரம் அவனுக்குப் பின்னால் ஒரு வேன். ஹார்ன் அடித்தது. காலடி மாறவில்லை. மறுபடியும் அடித்தது, விடாமல் அடித்தது. தட், சர்ர்க். அதே நிதானம். ஒரு அங்குலம்கூட ஓரமாக வரவில்லை.

வாழ்க்கை முழுக்கச் சத்தத்தைக் கேட்டே ஒதுங்கின மனிதருக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை! கூப்பிட்டது கேட்கவில்லை, கேட்ட கேள்வி கேட்கவில்லை, ஹார்ன் கேட்கவில்லை. "ஒதுங்கு! ஏய், ஒதுங்குய்யா!" என்று கத்தினார். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பாருங்கள். கேட்காதவனைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

பிரேக் கிறீச்சிட்டது. தொம்மென்று ஒரு சத்தம், ஒருவர் விழுகிற சத்தம். டிரைவர் இறங்கிவந்து, "எத்தனை ஹார்ன்யா அடிக்கறது? காது என்ன செவிடா?" என்று சத்தம் போட்டார்.

"ஆமாய்யா" என்றார் ஆபரேட்டர். கோல் கையிலிருந்து விழுந்திருந்தது. "செவிடுதான்."

நல்ல காலம், வேன் ஏறவில்லை. பக்கக் கண்ணாடி தோளில் இடித்துத் தள்ளியிருந்தது. அதே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேட்டர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வழி நெடுக அவன் ஒரு கையால் இவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு இவர் உதறவில்லை.

எமர்ஜென்சி வாசலுக்கு ஓடிவந்தது லாண்டரி மேற்பார்வை பார்க்கும் அம்மா. எக்ஸ்டென்ஷன் நூற்று நாற்பத்தொன்று, குரல் ஆபரேட்டருக்குத் தெரிந்ததுதான். அடிபட்டவன் அந்த அம்மாவிடம் பன்னிரண்டு வருஷமாக இஸ்திரி மெஷினில் நிற்கிறவன். ஆஸ்பத்திரியில் எல்லாரையும் தெரியும் என்று மார்தட்டின ஆபரேட்டருக்கு அவனை மட்டும் தெரியவில்லை. ஒரு நாளும் போன் பேசாதவனை எப்படித் தெரியும்? தோள் எலும்பு உடையவில்லை, தசைதான் அடிபட்டிருக்கிறது, கட்டுப் போட்டு மூன்று நாள் ஓய்வு என்றார் டாக்டர்.

"இன்னைக்கு என்ன சார், நீங்க முன்னாடி போகலையா?" என்று அந்த அம்மா கேட்டாள். "நீங்க இல்லாம இவன் ரோட்டுல இறங்கமாட்டானே."

"நான் எதுக்கும்மா?"

"உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் இதே ரோட்டுல பின்னாலேர்ந்து ஒரு லாரி அடிச்சுது சார். அப்ப போனதுதான் கால். பத்து மாசம் படுத்துக் கிடந்தான். வேலைக்குத் திரும்பினப்போ ரோட்டுல கால் வெக்கவே பயம். பின்னாடி வர்றது இவனுக்குத் தெரியாதில்ல? அப்பதான் உங்களைப் பார்த்திருக்கான். இவருக்குக் கண்ணு இல்லை, ஆனா வண்டி வர்றதுக்கு முன்னாடியே ஒதுங்கிடறாரேன்னு. உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே நடப்பான். நீங்க ஒதுங்கினா ஒதுங்குவான். நீங்க நின்னா நிப்பான்."

அந்த அம்மா விடவில்லை.

"ஆனா உங்க மேல அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் சார். தினமும் காலைல உங்களைப் பார்த்துக் கும்பிடறானாம். நீங்க கண்டுக்கறதே இல்லையாம்."

"கும்பிட்டா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுன்னு அவனுக்கும் தெரியும். வேற எப்படிச் சொல்லுவான் சொல்லுங்க. அவன் பேச்சே கையிலதான். நேத்து உங்களைத் தொட்டுச் சொல்லப் பார்த்தானாம். தொண்டைலேர்ந்து ஏதோ சத்தம் வரும், அதையும் போட்டுப் பார்த்தானாம். நீங்க கோலால அடிச்சுட்டீங்கன்னு முழங்கையைக் காட்டறான்."

ஆபரேட்டர் தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தன்னைத் திருடன் பின்தொடர்கிறான் என்று நினைத்திருந்தார், ஒற்றன் பின்தொடர்கிறான் என்று நினைத்திருந்தார். தன்னை நம்பி ஒருத்தன் வரக்கூடும் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. அம்பத்திரண்டு வயதுவரை அவரை அப்படி யாரும் நம்பியதில்லை. ஆகவே அந்த எண்ணம் வர வழியும் இல்லை. அந்த அம்மா அவர் கையை எடுத்து, விரலை அவர் காதிலேயே வைத்து, பிறகு பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். "காது, கோல். இதான் சார் உங்களுக்கு அவன் வெச்சிருக்கற பேரு." ஆபரேட்டர் அழுதார். வெட்கமில்லாமல், நாலு பேர் நடமாடுகிற வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. அக்கா பதினைந்து படியும் மூச்சு வாங்க ஏறிவந்தாள். மூட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை என்பதைப் பார்த்து, "யாருன்னு கண்டுபுடிச்சியா?" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் வேன் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தார். அக்காவை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்!

"கதை நல்லா இருக்கு. நீயா சேர்த்துவெச்சுச் சொல்றியா, அவங்க சொன்னதை நம்பிட்டியா? நீயாவது நம்பறதாவது" என்றாள். "சரி, நெஜம்னே வெச்சுக்கோ. கண்ணு தெரியாதவன் முன்னாடி, காது கேக்காதவன் பின்னாடி. கேக்கவே ஈரக்குலை நடுங்குது. நேத்து அவன் விழுந்தான், நாளைக்கு ரெண்டு பேருமா விழுவீங்க. எந்திரி."

ஆபரேட்டர் எழுந்தார். கோலை எடுத்துக்கொண்டார். "எந்திரிச்சுட்டேன். நீயும் வா. வேன்ல இல்லை, நடந்து. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வா. ரெண்டு காதையும் விரலால இறுக்கி அடைச்சுக்கோ. என் முதுகை மட்டும் பாரு. கேட் வந்ததும் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். வேன்ல ஏறச் சொன்னா ஏறிடறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"எனக்காக ஒரு தரம் வாக்கா."

வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் குடோன் லாரிகளுக்கு லீவு கிடையாது. அறுபது வயதுப் பெண்மணி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டு, தம்பியின் பின்னால் நடந்தாள். டீக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஆபரேட்டர் முன்னால் போனார். ஒதுங்கினார், நின்றார், நடந்தார். மணல் குவியலிடம் கோலை ஊன்றி வெகுநேரம் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு போனார். பின்னால் அக்காவின் செருப்புச் சத்தம் ஓரிடத்திலும் தவறவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தவள், முதல்முறையாக அவருக்குப் பின்னால் வந்தாள்.

கேட் வந்தது. நின்றார். "எடுத்துடு அக்கா" என்றார். பதில் இல்லை. அவளுக்குத்தான் கேட்காதே! கையைப் பின்னால் நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"எத்தனை வண்டிடா போச்சு?"

"ஒன்பது."

"எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலை. எல்லாம் உரசிக்கிட்டுப் போகுது, திடீர் திடீர்னு பக்கத்துல வந்து நிக்குது." மூக்கை உறிஞ்சினாள். "உன் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவே பயமா இருந்துச்சுடா."

ஆபரேட்டர் வேனைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்தார்.

"அவன் என்னைக்கு வேலைக்கு வர்றான்?" என்றாள் அக்கா.

"புதன்கிழமை."

"காலைல நீ எத்தனை மணிக்கு இறங்குவே?"

"ஏழே காலுக்கு."

"ஏழுக்கே இறங்கு" என்று அதட்டினாள். "அடிபட்ட ஆளு. தெருமுனையில காத்துக்கிட்டு நிக்க வெக்காதே."